முதல் கட்டடத்துக்கு மேற்பார்வையாளராகச் செல்பவருக்கு: உயிர்ச்சேதம் இல்லாமல் வேலையை நடத்தும் முறை

பெரிய நிறுவனங்களின் அடுக்குமாடித் திட்டங்களில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் தனியாக இருப்பார். தமிழ்நாட்டின் ஊர்களிலும் நகர்ப்புறங்களிலும் எழும் பெரும்பாலான வீடுகளுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. ஒரு மேஸ்திரி, நான்கைந்து கொத்தனார்கள், அவர்களுக்குக் கைவேலை செய்யும் பெரியாள்கள், சித்தாள்கள், இடையிடையே வந்துபோகும் கம்பி கட்டுபவர்கள், கான்கிரீட் வார்க்கப் பலகையும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள், எலக்ட்ரீஷியன், பிளம்பர் என்று பலர் கூடித்தான் அந்த வீட்டைக் கட்டி முடிக்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் நாள் முழுவதும் பார்த்துக்கொண்டு அங்கே நிற்பவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால், நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், பாதுகாப்புப் பொறுப்பு உங்களிடமே வந்து சேர்கிறது.

பாதுகாப்பு என்றதும் தலைக்கவசமும் மஞ்சள் மேலங்கியும் வாங்கிக் கொடுப்பதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அவை தேவைதான், ஆனால் வரிசையில் கடைசியில் வருபவை. மண் சரிந்து புதைபவரையும், தொட்டிக்குள் மூச்சு அடைத்து விழுபவரையும், மேலே போகும் மின்கம்பியில் கம்பி உரசித் தூக்கி எறியப்படுபவரையும் தலைக்கவசம் காப்பாற்றாது. ஆபத்தை அடியோடு இல்லாமல் செய்ய முடியுமா என்பது முதல் கேள்வி. முடியாவிட்டால் அந்த வேலையை வேறு முறையில் செய்ய முடியுமா, அதுவும் இயலாவிட்டால் ஆபத்துக்கும் ஆளுக்கும் இடையே ஒரு தடுப்பு வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்த்த பிறகே உடலில் அணியும் கவசத்துக்கு வர வேண்டும். இந்தக் கேள்விகளைக் காலை 9 மணிக்கு, ஆட்கள் பாண்டும் (கலவை சுமக்கும் சட்டி) கரண்டியுமாக நிற்கும்போது கேட்டுப் பயனில்லை. முந்தின நாள் மாலையிலேயே நாளைக்கு என்ன வேலை, அதில் ஆளைக் கொல்லக்கூடியது எது என்று மேஸ்திரியுடன் 10 நிமிடம் பேசி முடித்துவிட வேண்டும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு கட்டமும் அந்தப் பேச்சில் எழ வேண்டிய கேள்விகளே.

முதல் கட்டம்: மனையைச் சுற்றி நடந்து பாருங்கள்

எல்லைக் கல் பார்த்து நூல் கட்டும் முன்பு மனையை ஒருமுறை தனியாகச் சுற்றி வாருங்கள். முதலில் தலையை உயர்த்தி மின்கம்பிகள் எந்தப் பக்கம் போகின்றன, இரண்டாம் தளம் எழும்போது அவை கைக்கு எட்டும் தூரத்தில் வருமா என்று பாருங்கள். தாழ்வழுத்த மின்கம்பியானாலும் 11,000 வோல்ட் மின்கம்பியானாலும், கட்டடத்தின் பக்கவாட்டிலிருந்து குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள். இது முடிந்த கட்டடத்துக்கான கணக்கு. வேலை நடக்கும் காலத்தில் ஆபத்து அதைவிட நீளமானது, ஏனெனில் கட்டுமானக் கம்பியின் வழக்கமான நீளம் 12 மீட்டர். மாடியில் நிற்பவர் கீழிருந்து ஒரு முழுக் கம்பியை வாங்கித் திருப்பும்போது அதன் மறுமுனை தெருவின் பாதிவரை சென்றுவிடும். 11,000 வோல்ட் கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. மிக நெருங்கினாலே மின்சாரம் தாவிவிடும்.

ஆகவே அந்தப் பக்கத்திலிருந்து கம்பி, அலுமினிய ஏணி, குழாய் எதையும் மேலே ஏற்றுவதில்லை என்பதை முதல் நாளே முடிவு செய்து, ஏற்றும் இடத்தை எதிர்ப்புறத்தில் வைத்துவிடுங்கள். கம்பியைத் தரையிலேயே தேவையான அளவுக்கு வெட்டி ஏற்றுவதும் நல்லது. இடைவெளி போதாவிட்டால் மின்கம்பியை நகர்த்தித் தரக் கோரி மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் வீட்டு உரிமையாளர் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் காலமும் பணமும் பிடிக்கும் என்பதால், முதல் தளம் போட்ட பிறகு நினைத்துக்கொள்வதில் பொருளில்லை. மின்கம்பியின் மீது பிவிசி குழாயைப் பிளந்து மாட்டி வைப்பது சில இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அதை நம்பி யாரையும் அருகில் வேலை செய்ய விடாதீர்கள்.

அடுத்துத் தரையைப் பாருங்கள். பழைய வீட்டை இடித்த மனையானால் மூடிய கிணறு, கைவிடப்பட்ட செப்டிக் டேங்க், பழைய உறைகள் எங்கே இருந்தன என்று பக்கத்து வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொக்லைன் ஓட்டுநருக்கு அது தெரியாது. பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவர் எல்லையை ஒட்டி இருந்தால் அதற்கு எவ்வளவு ஆழத்தில் அடித்தளம் இருக்கிறது என்பதையும் ஓரிடத்தில் தோண்டிப் பார்த்துவிடுங்கள். பல சுற்றுச்சுவர்கள் ஒன்றிரண்டு அடி ஆழத்துக்குமேல் போவதில்லை.

இரண்டாம் கட்டம்: ஆட்களின் பதிவேடு

வேலைக்கு வரும் ஒவ்வொருவரின் பெயர், வயது, சொந்த ஊர், வீட்டாரின் தொலைபேசி எண், ரத்த வகை, புரியும் மொழி ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். 18 வயது நிறையாதவரை எடுக்காதீர்கள். விடுமுறையில் அப்பாவுடன் வந்து நிற்கும் பையனுக்கும் இதுவே விதி. 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது, அவர்களில் பலர் ஆந்திரம் முதலிய வெளி மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். இடிபாட்டுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று மீட்புக் குழுவினர் கேட்கும் கேள்விக்கு, அன்றைய வருகைப் பதிவேடு ஒன்றே பதில் சொல்லும்.

இந்தியும் வங்காளமும் ஒடியாவும் பேசும் தொழிலாளர்கள் இன்று தமிழ்நாட்டின் சிறு வேலைகளிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தமிழில் உரக்கச் சொன்னால் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை நம் மேஸ்திரிகளிடம் உண்டு. ‘நிறுத்து’, ‘கீழே வா’, ‘கரண்ட்டை அணை’, ‘உள்ளே போகாதே’ ஆகிய நான்கு சொற்களை அவர்கள் மொழியில் நீங்கள் கற்றுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கைச்சைகையும் வைத்து எல்லோருக்கும் பழக்கிவிடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை, கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம்தான் நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபின், பணிப் பாதுகாப்பைப் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு அதன் இடத்தில் நிற்கிறது. சட்டம் எதுவானாலும் உங்கள் கையில் உள்ள ஒரு காரியம் மாறவில்லை: 18 முதல் 60 வயதுக்குட்பட்ட தொழிலாளர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள்; இல்லையென்றால் பணிச் சான்று கொடுத்துப் பதிவு செய்ய உதவுங்கள்; புதுப்பிக்காமல் விட்ட அட்டையைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாம் கட்டம்: வானம் (அடித்தளப் பள்ளம்) தோண்டும் நாட்கள்

காய்ந்த செம்மண்ணில் நேராகக் கீறி எடுத்த வானத்தின் பக்கச்சுவர் கருங்கல்போல உறுதியாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். தோண்டிய மறுநாள் வெயிலில் காய்ந்து மேல் விளிம்பில் வெடிப்பு விடும். இரவில் பெய்த ஒரு மழை அந்த வெடிப்பில் இறங்கும். காலையில் ஆள் உள்ளே குனிந்து மட்டம் பார்க்கும்போது ஒரு பக்கம் அப்படியே சரியும். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 1,600 முதல் 1,800 கிலோ. மார்பளவு புதைந்தவருக்குத் தலை வெளியே இருந்தாலும் நெஞ்சை விரித்து மூச்சு இழுக்க முடியாமல் போகலாம்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் பாதுகாப்பு விதிகள் இதற்கு எளிய அளவுகளைத் தந்திருக்கின்றன. பள்ளம் 1.5 மீட்டர் ஆழத்தை எட்டினால் பக்கங்களைப் படிப்படியாகவோ சரிவாகவோ வெட்ட வேண்டும். இடம் இல்லாவிட்டால் பலகையும் குறுக்குச் சட்டமும் கொடுத்துத் தாங்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, இவற்றில் எது அதிகமோ அந்தத் தூரத்துக்கு அப்பால் கொட்ட வேண்டும். 1.2 மீட்டருக்கு மேல் ஆழமானால் உள்ளே ஏணி இருக்க வேண்டும். அது விளிம்புக்குமேல் 90 சென்டிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். அடிப்பகுதியைக் குடைந்து மேல்மண்ணைத் தானாக விழவைக்கும் முறையை எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. நெருக்கமான நகர மனைகளில் மண் கொட்ட இடமே இருக்காது. அங்கே லாரி வைத்து அன்றன்றே அகற்றும் செலவை மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுமாறு ஒப்பந்ததாரரிடம் சொல்லுங்கள். ஜல்லி லாரி, கான்கிரீட் லாரி ஆகியவற்றைப் பள்ளத்தின் விளிம்புவரை பின்னோக்கி வர விடாதீர்கள்.

பக்கத்துச் சுற்றுச்சுவரை ஒட்டித் தோண்டுவதுதான் இந்தக் கட்டத்தில் மிக மோசமான வேலை. முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டாமல், ஓரிரு மீட்டர் துண்டுகளாக, ஒன்றுவிட்டு ஒன்று தோண்டிக் கட்டி நிரப்பிய பிறகே இடையில் விட்ட துண்டுகளை எடுக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் காலையில் எந்தப் பள்ளத்திலும் ஆள் இறங்குமுன் விளிம்பை நீங்களே நடந்து பார்த்து, வெடிப்பு இருந்தால் அந்தப் பகுதியை மேலிருந்து தட்டிச் சரித்துவிடுங்கள். தொழிலாளர்கள் சாப்பிடவும் வெயிலுக்கு ஒதுங்கவும் பக்கத்துச் சுற்றுச்சுவரின் நிழலைத்தான் தேடிப் போவார்கள் என்பதால் வேறொரு நிழலை ஏற்பாடு செய்து கொடுப்பதும் பாதுகாப்பு வேலையே.

நான்காம் கட்டம்: சாரமும் திறப்புகளும்

சவுக்குக் கம்பால் கட்டிய சாரம் நன்றாகக் கட்டினால் நம்பத்தக்கது. நம் ஊர்ச் சாரக்காரர்களின் கைத்திறனைக் குறை சொல்வதற்கில்லை. பிழை பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் நேர்கிறது: பழைய கம்பில், கட்டடத்தோடு பிணைக்காமல் விடுவதில், பலகையில். கம்பைத் தரையில் போட்டுத் தட்டிப் பார்த்து, நீளவாக்கில் வெடித்ததையும் பூச்சி அரித்ததையும் அங்கேயே இரண்டாக அறுத்து விறகாக்கிவிடுங்கள். ஓரமாக ஒதுக்கி வைத்தால் மறுநாள் அதுவே சாரத்தில் ஏறிவிடும். நிற்கும் பலகை இரண்டு முனையிலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். கட்டாத பலகையின் நுனியில் ஒருவர் கால் வைத்தால் மறுமுனை எழும்பிவிடும். 3.6 மீட்டருக்கு மேற்பட்ட சாரத்துக்கு வெளிப்பக்கம் குறைந்தது 90 சென்டிமீட்டர் உயரத்தில் கைப்பிடிக் கம்பு கட்ட வேண்டும் என்பது விதி. நான் அதை முதல் தளத்திலிருந்தே கட்டச் சொல்வேன், ஏனெனில் 10 அடியிலிருந்து தலைகுப்புற விழுந்தாலே உயிர் போகப் போதுமானது.

சாரத்தில் நிற்பவர்களைவிட, ஏற்கெனவே போட்ட தளத்தில் நடமாடுபவர்களே தாங்கள் பத்திரமாக இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். கைப்பிடி வைக்காத படிக்கட்டு, கைப்பிடிச் சுவர் எழாத மாடி விளிம்பு, குழாய்க்காகவும் லிஃப்டுக்காகவும் விட்ட திறப்பு ஆகியவை அங்கேதான் இருக்கின்றன. திறப்பை சிமென்ட் சாக்கால் மூடுவது திறந்து வைப்பதைவிடக் கொடியது. தலையில் பாண்டுடன் வருபவருக்கு அது தரையாகவே தெரியும். கான்கிரீட் போடும்போதே திறப்பின் குறுக்கே கம்பி வலையை விட்டுவிட்டு, குழாய் இறக்கும் நாளில் வெட்டிக்கொள்வதுதான் சிறந்த முறை. இயலாத இடத்தில் பலகை வைத்து ஆணி அடித்துச் சிவப்புப் பெயிண்ட் பூசுங்கள். படிக்கட்டுக்குச் சவுக்குக் கம்பில் தற்காலிகக் கைப்பிடி கட்ட அரை நாள் கூலிகூட ஆகாது.

சன்ஷேடு பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ஜன்னலுக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கான்கிரீட் பலகையின் கம்பி மேல்பக்கம் இருந்தால்தான் அது எடையைத் தாங்கும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்துக் கம்பி கீழே அமிழ்ந்துவிட்டால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பூச்சு வேலைக்கு சன்ஷேடின்மேல் ஏறி நிற்பதையும் அதன்மேல் செங்கல் அடுக்குவதையும் முற்றிலும் தடை செய்யுங்கள்.

ஐந்தாம் கட்டம்: சென்ட்ரிங்கும் கான்கிரீட் நாளும்

கான்கிரீட்டின் எடை கன மீட்டருக்கு ஏறத்தாழ 2,500 கிலோ. 1,000 சதுர அடிக்கு 5 அங்குலத் தளம் போட்டால் ஏறக்குறைய 29 டன் ஈர கான்கிரீட், அதை அடியிலிருந்து தாங்கும் முட்டுக் கம்புகளின் தலையில் நிற்கும்; அதன்மேல் ஆட்களும் வைப்ரேட்டரும் வேறு. முட்டின் அடியில் இரண்டு மூன்று உடைந்த செங்கற்களை அடுக்கி உயரம் சரிக்கட்டியிருப்பதையோ, இரண்டு சவுக்குத் துண்டுகளை ஆணி அடித்து ஒட்டுப் போட்டிருப்பதையோ கண்டால் அன்றைய கான்கிரீட்டை நிறுத்துவதற்கு உங்களுக்கு முழுக் காரணம் இருக்கிறது. புதிதாக நிரப்பிய மண்ணின்மேல் முட்டு நின்றால் அடியில் அகலமான பலகை வேண்டும். முட்டுகளை ஒன்றோடொன்று குறுக்கும் நெடுக்கும் பிணைத்திருக்க வேண்டும். போர்ட்டிகோவின் உயரமான முட்டுகளில் இந்தப் பிணைப்பு விடுபட்டுப் போவது வழக்கம்.

இதில் நடைமுறைச் சங்கடம் என்னவென்றால், தளம் போடுவதற்கு நல்ல நாளும் நல்ல நேரமும் குறித்து, மிக்ஸருக்கும் ஆட்களுக்கும் முன்பணம் கொடுத்து, மதியத்துக்குப் பிரியாணியும் சொல்லியிருப்பார்கள். அந்தக் காலையில் முட்டு சரியில்லை என்று நீங்கள் சொன்னால் யார் காதிலும் ஏறாது. எனவே முட்டுச் சோதனையை முந்தின நாள் மதியத்துக்குள் முடித்து, திருத்த ஒரு மாலையை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட் ஓடும் நேரத்தில் தளத்தின் அடியில் யாரும் இருக்கக் கூடாது. முட்டுகளைக் கண்காணிக்கும் ஒருவர் வெளிப்பக்கமாக நின்று பார்க்க வேண்டும்.

முட்டைப் பிரிக்கும் நாளைப் பொறுத்தவரை, கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 456 தரும் கணக்கை மனப்பாடம் செய்துவிடலாம். 4.5 மீட்டர்வரை அகலமுள்ள தளத்தின் முட்டு 7 நாள், அதற்கு மேற்பட்டால் 14 நாள். 6 மீட்டர்வரையுள்ள பீமின் முட்டு 14 நாள், அதற்கு மேற்பட்டால் 21 நாள். இது சாதாரண போர்ட்லேண்டு சிமென்ட்டுக்கான கணக்கு. இன்று கடைகளில் அதிகம் விற்கும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி வகை சிமென்ட் மெதுவாக உறுதிபெறும் என்பதால் சில நாட்கள் கூட்டிக்கொள்ளுங்கள். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறுகிறது என்று அவசரப்படுத்துவார்கள். போட்ட தேதியையும் பிரிக்க வேண்டிய தேதியையும் தூணில் சுண்ணாம்பால் எழுதிவிட்டால் பேச்சு குறையும்.

ஆறாம் கட்டம்: புதிய தொட்டிக்குள் பலகை பிரிப்பது

இந்தக் கட்டத்தைக் கட்டுரையின் மற்ற எல்லாப் பகுதிகளையும்விடக் கவனமாகப் படியுங்கள். பயன்படுத்திய செப்டிக் டேங்க்கில் விஷவாயு இருக்கும் என்பது இன்று பலருக்கும் தெரியும். இன்னும் ஒரு சொட்டுக் கழிவும் விழாத, புத்தம் புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டிக்குள் ஆள் சாவார் என்பதைத்தான் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

நடப்பது இதுதான். தரைக்கடியில் சம்ப் கட்டி, மேலே கான்கிரீட் மூடி போட்டு, இறங்குவதற்கு 2 அடிச் சதுரத்தில் ஒரு வாய் விட்டு, அதையும் மூடிவிடுகிறார்கள். உள்ளே சவுக்கு முட்டும் மரப்பலகையும் நீராற்றிய தண்ணீரும் இரண்டு மூன்று வாரம் கிடக்கின்றன. ஈர மரம் அழுகத் தொடங்குகிறது. அதை அழுகச் செய்யும் நுண்ணுயிர்கள் உள்ளே இருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிக் கரியமில வாயுவை விடுகின்றன. தேங்கிய சேறும் குப்பையும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகலாம். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த இடத்தில் ஆள் இறங்கக் கூடாது. 10 சதவீதத்துக்குக் கீழே நினைவு தப்பும். 6 சதவீத அளவில் இரண்டு மூன்று மூச்சிலேயே விழுந்துவிடுவார். மூச்சுத் திணறும், திணறினால் ஏறி வந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது; ஆக்சிஜன் மட்டும் குறையும்போது உடல் எந்த எச்சரிக்கையும் தராமலே கால் மடங்கிவிடும். ஹைட்ரஜன் சல்பைடிலோ அழுகிய முட்டை நாற்றம் குறைந்த அளவில்தான் தெரியும்; ஏறக்குறைய 100 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) அளவைத் தாண்டினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்குபவர் அதில்தான் சிக்குகிறார்.

முதலில், இறங்கும் தேவையையே நீக்கப் பாருங்கள். மூடியை உள்ளே சென்ட்ரிங் அடித்து வார்ப்பதற்குப் பதிலாகத் தரையில் துண்டு துண்டாக வார்த்து உலர்த்திய பலகைகளை மேலே அடுக்கி இணைத்துவிடலாம். வடிவமைப்பில் அதற்கு இடமில்லை என்றால், இரண்டு எதிர்முனைகளில் இரண்டு வாய் விடச் சொல்லுங்கள். காற்று ஒன்றில் புகுந்து மற்றொன்றில் வெளியேறும். வரைபடம் கையில் வந்த நாளிலேயே பொறியாளரிடம் இதைக் கேட்டுவிட வேண்டும்.

இறங்கியே ஆக வேண்டும் என்றால் வரிசை இப்படி இருக்கட்டும்:

1. முந்தின நாளே எல்லா மூடிகளையும் திறந்து, யாரும் தவறி விழாதபடி சுற்றிலும் தடுப்பு வைக்கவும். உள்ளே உள்ள தண்ணீரை மோட்டாரால் இறைக்கவும். டீசல், பெட்ரோல் இன்ஜினை ஒருபோதும் தொட்டிக்குள் இறக்கக் கூடாது, அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடே கொல்லும்.

2. ஊதுகாற்று விசிறியின் குழாயைத் தொட்டியின் அடிவரை விட்டு வெளிக்காற்றை உள்ளே செலுத்தவும். வேலை முடிந்து கடைசி ஆள் வெளியேறும்வரை அது ஓட வேண்டும். சிலிண்டர் ஆக்சிஜனை உள்ளே திறந்துவிடக் கூடாது; ஒரு தீப்பொறியில் எல்லாம் எரியும்.

3. நான்கு வாயுக்களைக் (ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு, எரிவாயு) காட்டும் அளவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி ஆகிய மூன்று மட்டங்களிலும் பார்க்கவும். ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்மை எட்டியிருக்கக் கூடாது. எரிவாயு அளவு, தீப்பிடிக்கும் கீழெல்லையில் 10 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

4. ஒருவர் மட்டும், முழு உடல் பட்டையும் கயிறும் அணிந்து இறங்கவும். கயிற்றின் மறுமுனை மேலே முக்காலியில் உள்ள உருளை வழியாகச் செல்ல வேண்டும். வெளியே ஒருவர் அதைப் பிடித்தபடி, உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்; அவருக்கு வேறு வேலை தரக் கூடாது.

எரியும் விளக்கையோ மெழுகுவத்தியையோ இறக்கிப் பார்க்கும் பழைய முறை கிணறு தூர்வாரும் ஊர்களில் இன்னும் உண்டு. அது நச்சு வாயுவைக் காட்டாது. மீத்தேன் இருந்தால் வெடிக்கவும் செய்யும். அளவி இல்லாத நாளில் தொட்டி வேலை இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார். அண்ணனோ மச்சானோ ஒரே ஊர்க்காரரோதான் மேலே நிற்கிறார் என்பதால் அந்த உந்துதலை அடக்குவது கடினம். ஒரே தொட்டியில் இருவர் மூவர் சேர்ந்து இறப்பது இப்படித்தான். உடனே 112க்கு அழைத்துத் தீயணைப்பு வீரர்களை வரவழையுங்கள்; விசிறியை நிறுத்தாதீர்கள்; கயிறு கட்டியிருந்தால் மேலிருந்து இழுங்கள்; தொட்டியின் வாயருகே நீங்களே நின்று யாரையும் இறங்க விடாமல் தடுங்கள்.

பழைய வீட்டை ஒட்டிக் கட்டும்போது பயன்பாட்டில் உள்ள செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்ய நேர்ந்தால், ஆளை இறக்குவது, மனிதர் கையால் கழிவகற்றுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்ட குற்றம். கழிவு உறிஞ்சும் லாரியை மட்டுமே அழைக்க வேண்டும். கழிவுநீர்க் குழிகளில் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டதையும் வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவையுங்கள். சில வேளைகளில் சட்டத்தைவிடத் தொகை வேகமாகப் புரிகிறது.

ஏழாம் கட்டம்: தற்காலிக மின்சாரம்

வேலையிடத்தில் மின்சாரம் எப்படிப் போகிறது என்று பார்த்தால் பாதி இடங்களில் பிளக் இருக்காது; ஒயரின் முனையைச் சீவி, பிளக் துளையில் விட்டு, தீக்குச்சியைச் செருகி இறுக்கியிருப்பார்கள். மறுமுனை ஈரத் தரையில் கிடக்கும் கட்டர் மெஷினுக்கோ வைப்ரேட்டருக்கோ போகும். இதற்கு முதல் மருந்து, மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச். மின்சுமை மிஞ்சினால் அணையும் எம்சிபி சுவிட்ச் இருக்கிறதே என்பார்கள்; அது 10, 16 ஆம்பியர் கணக்கில் ஒயர் எரியாமல் காப்பது. மனிதரைக் கொல்ல அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வராமல் 30 மில்லியாம்பியர் கசிந்தாலே ஆர்சிசிபி ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் துண்டித்துவிடும். தினமும் காலையில் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, துண்டிக்கிறதா என்று பாருங்கள். எர்த்துடன் கூடிய மூன்று இழை ஒயரையே பயன்படுத்தி, தரையில் போடாமல் மரக்கம்பில் தொங்கவிடுங்கள். எலக்ட்ரீஷியனைத் தவிர வேறு யாரும் மின்பெட்டியைத் திறக்கக் கூடாது.

எட்டாம் கட்டம்: மெதுவாகக் கெடுப்பவை

டைல்ஸும் கிரானைட்டும் உலர்வாக அறுக்கும்போது எழும் வெண்புகையில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸை உண்டாக்கும். அதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை. கட்டருக்குத் தண்ணீர் விட்டு அறுத்தால் தூசியின் பெரும்பகுதி எழாது. முகத்தில் கட்டிய துண்டு அந்த நுண்தூசியைத் தடுக்காது. ஈர சிமென்ட் கடுமையான காரம் என்பதால், கான்கிரீட்டில் வெறுங்காலுடன் நிற்பவருக்கும் கலவையைக் கையால் அள்ளும் சித்தாளுக்கும் தோல் வெந்து புண்ணாகும். ரப்பர் பூட்ஸும் கையுறையும் வாங்கித் தருவதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024இல் அறிவித்தது. ஏப்ரல், மே மாதங்களில் வேலையைக் காலை 6 மணிக்குத் தொடங்கி, நண்பகல் 12 முதல் 3 வரை வெயிலில் செய்யும் வேலைகளை நிறுத்திவையுங்கள். பேச்சுக் குழறி, தடுமாறி நடப்பவரை நிழலுக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றி உடலைக் குளிரவைத்தபடியே 108ஐ அழைக்க வேண்டும். குடிநீர் வைத்திருந்தும் பெண்கள் குடிக்காமல் இருப்பதைப் பார்ப்பீர்கள். கழிப்பறை இல்லாத இடத்தில் அவர்கள் நாள் முழுவதும் தாகத்தை அடக்கிக்கொள்கிறார்கள். ஒரு தற்காலிகக் கழிப்பறையும் கதவும் தாழ்ப்பாளும் இல்லாமல் வெயில் பாதுகாப்பு பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. சேலைத் தலைப்பு மிக்ஸரில் சிக்காமலிருக்க மேலே சட்டை அணியும் வழக்கம் சித்தாள்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக வருபவர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுங்கள்.

இதற்குப் பிறகுதான் தலைக்கவசம். ஐஎஸ் 2925 முத்திரை உள்ளதை, தாடைப் பட்டையுடன் வாங்குங்கள். பட்டை மாட்டாத கவசம் விழும்போது தலையைவிட்டு முதலில் கழன்றுவிடும். இரண்டாம் தளத்தின் வெளிப்புறத்தில் வேலை செய்பவருக்கு முழு உடல் பட்டை வேண்டும். அதன் கொக்கியைச் சாரக் கம்பில் மாட்டாமல் தூண் கம்பி போன்ற உறுதியான இடத்தில் மாட்டச் சொல்லுங்கள். மேஸ்திரியும் நீங்களும் அணியாத எதையும் வேறு யாரும் அணியமாட்டார்கள்.

விபத்து நடந்துவிட்டால்

அருகில் எலும்பு முறிவுச் சிகிச்சை உள்ள மருத்துவமனை எது, ஆம்புலன்ஸ் எந்தத் தெரு வழியாக உள்ளே வர முடியும் என்பதை முதல் வாரத்திலேயே அறிந்து, மனையின் முகவரியையும் அடையாளத்தையும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் யாருக்கும் முகவரி வராது. உயரத்திலிருந்து விழுந்தவரை இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கிலேயே கால்கள் செயலிழந்துபோகலாம். அவரை அசைக்காமல், தலையும் கழுத்தும் நேராக இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொண்டு 108க்குக் காத்திருக்க வேண்டும். மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன்பு சுவிட்சை அணையுங்கள். மூச்சு இல்லாவிட்டால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். மண்ணில் புதைந்தவரைப் பொக்லைனால் தேடக் கூடாது. எஞ்சிய பக்கம் சரியாமல் பலகை கொடுத்துவிட்டுக் கையாலும் சட்டியாலும் முகத்திலிருந்தும் மார்பிலிருந்தும் மண்ணை விலக்க வேண்டும். கண்ணில் சிமென்ட் தெறித்தால் தேய்க்கவிடாமல் 20 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

உயிருக்கான வேலைகள் முடிந்ததும் விபத்து நடந்த இடத்தை மாற்றாமல் பல கோணங்களில் படம் எடுத்து, நேரம், பார்த்தவர்கள், நடந்த வரிசை ஆகியவற்றை அன்றே எழுதிவையுங்கள். காவல் நிலையத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் தெரிவிக்கும் பொறுப்பு ஒப்பந்ததாரருடையது; அவர் தயங்கினால் எழுத்தில் நினைவூட்டுங்கள். வேலையின்போது நேர்ந்த காயத்துக்கும் சாவுக்கும் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டிலிருந்தே இந்நாட்டில் சட்டம். மருத்துவமனை வாசலில் கையில் சில ஆயிரங்களைக் கொடுத்து வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது அதற்கு ஈடாகாது. நல வாரியத்தின் விபத்து உதவியும் அந்த இழப்பீடும் தனித்தனியானவை என்பதைக் குடும்பத்தாருக்கு விளக்கி, வருகைப் பதிவேட்டின் நகலையும் கூலி கொடுத்த கணக்கின் நகலையும் அவர்களிடம் கொடுங்கள். அவர் அங்கே வேலை செய்தவர்தான் என்று நிரூபிக்க அவர்களுக்கு அந்த இரண்டு காகிதங்கள் தேவைப்படும்.